4. விளையும் பயிர் முளையிலே தெரிய வேண்டியதில்லை

முழுப் பரீட்சை முடிவதற்குள்ளேயே அடையாறு, மயிலாப்பூர், தி. நகர் அடுக்ககங்களின் கேட்டில் சம்மர் கேம்ப் நோட்டீஸ்கள் தொங்க ஆரம்பித்துவிடும். கிரிக்கெட், டென்னிஸ், பேட்மின்டன், ஸ்கேட்டிங், நீச்சல், செஸ். நாலு வயது முதல் சேர்க்கை என்று போட்டிருப்பார்கள். பயிற்சியாளரிடம் பெற்றோர் கேட்கிற முதல் கேள்வி ஃபீஸ் எவ்வளவு என்பது. இரண்டாவது, "டோர்னமென்ட்டுக்கு எப்ப சார் அனுப்புவீங்க?"

இந்த அத்தியாயம் அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியது. பத்து வயது வரைக்கும் அதைக் கேட்காமல் இருங்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயது வரைக்கும் பிள்ளையை ஒரே விளையாட்டில் கட்டிப்போடாதீர்கள். சில விளையாட்டுகளுக்கு விதிவிலக்கு உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன். மற்றபடி இதுதான் என் கட்சி.

"அதுக்குள்ள லேட் ஆயிடாதா?" என்று கேட்பீர்கள். மேற்கு மாம்பலத்தில் வளர்ந்த ரவிச்சந்திரன் அஸ்வினை எடுத்துக்கொள்வோம். தெருவில் டென்னிஸ் பந்தில் ஆடிப் பழகிய பையன். பள்ளி நாட்களில் அவர் பேட்ஸ்மேன், தொடக்க ஆட்டக்காரர். பந்து போட்டால் மிதவேகம். பதினான்கு வயதையொட்டி இடுப்புப் பகுதியில் காயம்பட்டு நெடுநாள் ஆட முடியாமல் போயிற்று. சாந்தோம் செயின்ட் பீட்ஸ் பள்ளியில் படித்த காலத்தில்தான் ஆஃப் ஸ்பின் பக்கம் திரும்பினார். 2006 டிசம்பரில் ரஞ்சிக் கோப்பை அறிமுகம். 2011 நவம்பரில் டெல்லியில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக முதல் டெஸ்ட், அதில் 9 விக்கெட். 2024 டிசம்பரில் ஓய்வை அறிவித்தபோது கணக்கில் 106 டெஸ்ட், 537 விக்கெட். பத்து வயதில் அவரைத் திறமை கண்டறியும் முகாம் ஒன்றில் நிறுத்தியிருந்தால் ஆஃப் ஸ்பின்னர் என்று யாரும் குறித்திருக்க மாட்டார்கள். அந்தப் பையன் அப்போது ஆஃப் ஸ்பின் போடவே இல்லையே! விரலால் சொடுக்கிவிடும் பந்து ஒன்று அவரிடம் பேர்பெற்றது அல்லவா, அதன் மூலம் தெருவில் ஆடிய டென்னிஸ் பந்து ஆட்டம். எந்த அகாடமியின் பாடத்திட்டத்திலும் அது இருந்ததில்லை.

டேபிள் டென்னிஸ் வீரர் சரத் கமல் வேறு மாதிரி. அப்பாவும் சித்தப்பாவும் பயிற்சியாளர்கள், பேட் பிடித்தது சின்ன வயதிலேயே. அப்படிப்பட்ட வீட்டில் பிறந்தும் அவர் முதல் தேசிய சாம்பியன் பட்டம் வென்றது 2003இல், இருபது வயதைத் தாண்டிய பிறகு. அதன்பின் மொத்தம் 10 தேசியப் பட்டங்கள், ஐந்து ஒலிம்பிக். 2022இல் பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியில் ஒற்றையர் தங்கம் வாங்கும்போது அவருக்கு 40 வயது. ஜூனியர் பிரிவில் சரத் கமலுக்கு முன்னால் நின்ற பிள்ளைகளின் பெயர் இன்று நம்மில் யாருக்குத் தெரியும்?

உடனே குகேஷைக் காட்டுவார்கள். ஏழு வயதில் செஸ், பன்னிரண்டரை வயதில் கிராண்ட்மாஸ்டர், 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் 18 வயதில் உலக சாம்பியன். உண்மைதான். ஆனந்தும் ஆறு வயதில் அம்மாவிடம் காய் நகர்த்தக் கற்றவர். செஸ்ஸில் சீக்கிரம் தொடங்குவது பலன் தருகிறது, அதில் வளர்கிற எலும்பின்மேல் பாரம் ஏறுவதில்லை. ஜிம்னாஸ்டிக்ஸ், டைவிங் இரண்டும் சீக்கிரம் தொடங்க வேண்டியவை, ஆனால் பாரம் ஏறும், ஆகவே அங்கே கண்காணிப்பு இரட்டிப்பாக வேண்டும். விதிவிலக்கு இவ்வளவுதான். ஓட்டம், கிரிக்கெட், கால்பந்து, ஹாக்கி, கூடைப்பந்து, வாலிபால், துடுப்புப் படகு எதிலும் ஏழு வயது சாம்பியனால் பயனில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். குகேஷ் கிடைத்தார் என்பதற்காகப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்திய வீடுகள் இந்த ஊரில் உண்டு. அங்கே குகேஷ் கிடைக்காமல் போனால் எந்தப் பத்திரிகையும் அதை எழுதப்போவதில்லை.

எந்த வயதில் என்ன

ஹங்கேரியில் பிறந்து கனடாவில் வேலை பார்த்த இஸ்த்வான் பாலி என்ற பயிற்சியியல் அறிஞர் பிள்ளைகளின் விளையாட்டு வளர்ச்சியைப் படிகளாகப் பிரித்தார். கனடா அதைத் தேசிய அளவில் எடுத்துக்கொண்டது, பிறகு பல நாடுகள் தங்களுக்கேற்ப மாற்றிக்கொண்டன. ஆறு வயது வரை வெறும் விளையாட்டு. ஆறிலிருந்து எட்டு, ஒன்பது வரை அடிப்படை அசைவுகள். அங்கிருந்து பெண்களுக்குப் பதினொன்று, ஆண்களுக்குப் பன்னிரண்டு வரை பல விளையாட்டுகளின் நுட்பம். அடுத்த நாலைந்து ஆண்டுகள் உடலைக் கட்டும் காலம். அதற்கும் பிறகுதான் போட்டிக்கென்றே பயிற்சி. இந்தத் திறமைக்கு இந்த வயதில்தான் கதவு திறக்கும், விட்டால் மூடிவிடும் என்று அந்தத் திட்டத்தில் சொன்ன பகுதிக்கு ஆதாரம் போதாது என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் மறுத்திருக்கிறார்கள். ஆகவே எட்டு வயதில் வேகம் வராவிட்டால் இனி வராது என்று பயமுறுத்துகிற பயிற்சியாளரை நம்ப வேண்டாம். வரிசை சரி, கெடுதான் அவ்வளவு கறார் இல்லை.

முதல் இரண்டு படிகளுக்குப் பணம் செலவழிக்கத் தேவையில்லை என்பதை ஏனோ யாரும் சொல்வதில்லை. நொண்டி ஆடுகிற பிள்ளை ஒற்றைக் காலில் சமநிலை பழகுகிறது. பச்சைக் குதிரை தாண்டினால் ஓட்டம், கையூன்றல், தாவல், தரையிறக்கம் நான்கும் ஒரே ஆட்டத்தில் வந்துவிடும். கோ-கோவில் உட்கார்ந்த நிலையிலிருந்து சட்டென்று எழுந்து திசை மாற்றி ஓட வேண்டும். அதையே கூம்பு வைத்துச் சொல்லித்தர அகாடமியில் மாதாமாதம் காசு வாங்குவார்கள். கபடியில் விழவும், விழுந்தால் அடிபடாமல் உருளவும் தெரிந்துவிடும். கில்லி அடித்த கைக்கு மட்டை அந்நியமாக இராது.

தெருவில் ஆட இடமில்லை என்பது நியாயமான குறை. உஸ்மான் சாலைப் பக்கத்துத் தெருவில் பந்து போட்டால் ஆட்டோவுக்கடியில்தான் தேட வேண்டும். ஆனால் காலை ஆறரைக்குள் எலியட்ஸ் கடற்கரை மணல் காலியாக இருக்கிறது. மணலில் வெறுங்காலோடு அரை மணி ஓடிப் பிடித்து விளையாடினால் கணுக்காலுக்கு அதைவிட நல்ல பயிற்சி கிடையாது. நடேசன் பூங்காவிலும் நாகேஸ்வரராவ் பூங்காவிலும் ஏற, தொங்க, குதிக்க வழி உண்டு. அடுக்ககத்துக் கார் பார்க்கிங்கில் பகலில் வண்டிகள் வெளியே போனபின் சாக்பீஸால் பாண்டிக் கட்டம் போட்டுக்கொள்ளலாம். அசோசியேஷன் செயலாளர் முறைப்பார். முறைக்கட்டும்.

எட்டு, ஒன்பது வயதுக்குள் கட்டாயம் பணம் கட்டிக் கற்க வேண்டியது நீச்சல் ஒன்றுதான். கடலோர ஊரில் அது விளையாட்டு என்பதற்கு முன் உயிர்காப்பு. வேளச்சேரி நீச்சல் வளாகத்திலோ மெரினா நீச்சல்குளத்திலோ வீட்டருகில் வேறெங்கோ, நாற்பது பேரை ஒரே நேரத்தில் இறக்காத இடமாகப் பாருங்கள்.

கதவுநிலையில் ஒரு பென்சில் கோடு

இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை உயரம் அளந்து தேதியோடு எழுதி வையுங்கள். செருப்பில்லாமல், குதிகாலும் முதுகும் கதவுநிலையில் ஒட்டியிருக்க, பார்வை நேராக இருக்கும்படி நிற்கச் சொல்லுங்கள். தலைமேல் கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைச் சுவரோடு அணைத்து வைத்து அதன் அடியில் கோடு போடுங்கள். எப்போதும் காலையிலேயே அளக்க வேண்டும், மாலையில் உயரம் சற்றுக் குறைந்திருக்கும். பெண் பிள்ளைக்குக் குடுமி போட்டிருந்தால் அவிழ்த்துவிட்டு அளக்கவும்.

பள்ளிப் பிள்ளைகள் ஆண்டுக்கு ஐந்து, ஆறு செ.மீ. வளர்வார்கள். திடீரென்று மூன்று மாதத்தில் இரண்டு செ.மீ.க்கு மேல் ஏறினால் வளர்ச்சிப் பாய்ச்சல் தொடங்கிவிட்டது என்று பொருள். பெண்களுக்கு அது பன்னிரண்டு வயதையொட்டி உச்சத்துக்கு வரும், ஆண்களுக்குப் பதினான்கையொட்டி. உச்சத்தில் ஆண்டுக்கு எட்டு, ஒன்பது செ.மீ., சிலருக்கு அதற்கு மேலும் போகும். எலும்பு முதலில் நீள்கிறது, தசை பின்னால் வந்து சேர்கிறது. இடைப்பட்ட மாதங்களில் நேற்று வரை அழகாகக் கவர் டிரைவ் அடித்த பையனுக்குக் கால் எங்கே போகிறதென்றே தெரியாது. ஓட்டப் பந்தயத்தில் நேரம் கூடும். "இவன் சோம்பேறி ஆயிட்டான் சார்" என்று அப்பா பயிற்சியாளரிடம் முறையிடுவதும் சரியாக இந்த நேரத்தில்தான்.

முட்டிக்குக் கீழே எலும்பு புடைத்து வலித்தால் தசைநாண் ஒட்டியிருக்கும் இடத்தை இழுக்கிறது என்று அர்த்தம். எலும்பு மருத்துவர்கள் ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்பார்கள். குதிகால் பின்புறம் வலித்தால் அதன் தம்பி. இரண்டும் பெரும்பாலும் குதித்தலையும் ஓட்டத்தையும் குறைத்தால் தணிந்துவிடும். ஆனால் வேகப்பந்து போடுகிற பிள்ளைக்குக் கீழ்முதுகில், குறிப்பாக ஒரு பக்கம் மட்டும் வலித்தால் தைலம் தேய்த்து ஒத்திப்போடக் கூடாது. முதுகெலும்பில் நுண்விரிசலாக இருக்கலாம். அன்றே பந்து வீச்சை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

இதே கதவுநிலைக் கோடு இன்னொரு தலைவலியையும் விளக்கும். பதின்மூன்று வயதுக்குட்பட்டோர் போட்டியில் ஒரு பையனுக்கு மீசை அரும்பியிருக்கும், எதிரில் நிற்பவன் பால்முகமாக இருப்பான். இருவரும் ஒரே வயதுதான், உடல் வயதில் இரண்டு மூன்று ஆண்டு வித்தியாசம். தேர்வாளர் கண்ணில் மீசைக்காரன் விழுவான். பதினெட்டு வயதில் மற்றவனும் வளர்ந்துவிடுவான், அதற்குள் அவன் ஆட்டத்தை விட்டிருப்பான் என்பதுதான் கஷ்டம். இந்தியக் கிரிக்கெட் வாரியம் வயதுப் பிரிவைச் செப்டம்பர் 1 வைத்துக் கணக்கிடுகிறது. செப்டம்பரில் பிறந்தவனும் அடுத்த ஆகஸ்டில் பிறந்தவனும் ஒரே பிரிவில் வருவார்கள், நடுவில் கிட்டத்தட்ட ஓராண்டு. உங்கள் பிள்ளை ஆகஸ்ட் என்றால் ஜூனியர் தேர்வில் விடுபடுவதை உலக முடிவாக நினைக்காதீர்கள்.

சிலர் வேறு வழி தேடுகிறார்கள், பிறப்புச் சான்றிதழில் ஓராண்டைக் குறைப்பது. பதினாறு வயதுக்குட்பட்ட பையன்களுக்கு வாரியம் இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயது பார்க்கிறது, அகப்பட்டால் தடை. அகப்படாவிட்டாலும் நஷ்டம் பிள்ளைக்குத்தான். தன்னைவிடச் சின்னவர்களை உடல் பலத்தால் ஜெயித்துப் பழகியவன் நுட்பம் கற்க மாட்டான். சீனியர் பிரிவுக்கு வந்ததும் கையில் ஒன்றும் இருக்காது. அப்பாவும் பயிற்சியாளரும் சேர்ந்து செய்கிற இந்தத் திருட்டை விவரம் தெரியாத தவறு என்று நான் சொல்லமாட்டேன்.

பெண் பிள்ளைகள்

பத்து வயதில் மைதானத்தில் பாதிப் பேர் பெண்கள். பதினாலு வயதில் தேடிப் பார்க்க வேண்டும். காரணம் திறமைக் குறைவு என்று யாராவது சொன்னால் அந்த மைதானத்தின் கழிப்பறையைப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். தாழ்ப்பாள் உண்டா, தண்ணீர் வருகிறதா, நாப்கின் போடத் தொட்டி இருக்கிறதா? சேர்க்கும் முன் அம்மாவோ அக்காவோ நேரில் போய்ப் பார்க்க வேண்டியது முதலில் இதைத்தான். அதன்பின் இருட்டுவதற்குள் வீடு திரும்ப முடிகிற நேரம், ஒரு பெண் பயிற்சியாளராவது இருக்கிறாரா என்பது, ஸ்போர்ட்ஸ் பிரா வாங்கித் தருவது. பாட்டி "வயசுக்கு வந்த பொண்ணு அரை டிராயர் போட்டுண்டு ஓடறதா?" என்று கேட்டால் ஸ்குவாஷ் வீராங்கனை ஜோஷ்னா சின்னப்பாவைக் காட்டலாம். 2005இல் பிரிட்டிஷ் ஜூனியர் ஓப்பன் ஸ்குவாஷ் பட்டத்தை வென்ற இந்த ஊர்ப் பெண், 36 வயதை நெருங்கும்போது தீபிகா பல்லிக்கலோடு சேர்ந்து உலக இரட்டையர் பட்டம் வென்றார். தீபிகா அப்போது இரட்டைக் குழந்தைகள் பெற்று ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை.

மாதவிடாய் வழக்கமாக வந்துகொண்டிருந்து மூன்று மாதம் தொடர்ந்து வராமல் போனால் பயிற்சிக்குத் தக்க சாப்பாடு இல்லை என்பதற்கு அது பெரிய அறிகுறி. "ட்ரெய்னிங் ஜாஸ்தி, அதான்" என்று விட்டுவிடாமல் மருத்துவரைப் பாருங்கள். ரத்தசோகைப் பரிசோதனையும் ஆண்டுக்கொரு முறை தேவை.

எவ்வளவு நேரம்

நினைவில் வைக்க எளிய கணக்கு ஒன்று உண்டு. வாரத்தில் பயிற்சியும் போட்டியும் சேர்ந்த மணி நேரம் பிள்ளையின் வயதைத் தாண்டக் கூடாது. பத்து வயதுப் பிள்ளைக்குப் பத்து மணி நேரம் உச்சவரம்பு. அமெரிக்காவில் நீரு ஜெயந்தி என்ற விளையாட்டு மருத்துவர் ஏறத்தாழ 1,200 இளம் வீரர்களைத் தொடர்ந்து கவனித்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், இந்த வரம்பைத் தாண்டியவர்களுக்கும் ஒரே விளையாட்டில் ஒடுங்கியவர்களுக்கும் கடுமையான மிகைப்பயன்பாட்டுக் காயங்கள் கூடுதலாக இருந்தன. தானாக ஆடுகிற ஆட்டத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஒழுங்குபடுத்தப்பட்ட பயிற்சி இருந்தாலும் அதே ஆபத்து.

நம் ஊரில் சிக்கல் என்னவென்றால் கணக்கு யார் கையிலும் முழுதாக இல்லை. பள்ளி அணிக்கு ஒரு பி.டி. மாஸ்டர், கிளப்புக்கு ஒருவர், அகாடமியில் மூன்றாமவர். சனிக்கிழமை பள்ளி மேட்ச், ஞாயிற்றுக்கிழமை லீக், செவ்வாயும் வியாழனும் நெட்ஸ். மூவருமே தாங்கள் அளவாகத்தான் வாங்குகிறோம் என்று நம்புவார்கள். இங்கிலாந்துக் கிரிக்கெட் வாரியம் வேகப்பந்துச் சிறுவர்களுக்குப் பல ஆண்டுகள் வைத்திருந்த வரம்பு இது: பதின்மூன்று வயதுக்குட்பட்டோர் ஒரே மூச்சில் 5 ஓவர், நாள் முழுக்க 10. பதினைந்துக்குட்பட்டோர் 6, 12. பதினேழுக்குட்பட்டோர் 7, 18. இதை ஒரு சின்ன நோட்டில் எழுதி, போட்ட ஓவரைப் பிள்ளையே பக்கத்தில் குறித்து வரட்டும். நோட்டை மூன்று பயிற்சியாளரிடமும் காட்டுங்கள். கோபித்துக்கொள்கிறவர் யாரென்று அப்போது தெரிந்துவிடும்.

வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு. ஆண்டில் இரண்டு மாதமாவது முக்கிய விளையாட்டிலிருந்து விடுமுறை. சென்னைக்கு இதை வானமே வகுத்துக் கொடுத்திருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் மைதானமெல்லாம் குளம். அந்த மாதங்களில் உள்ளரங்கைத் தேடி அலையாமல் வேறு விளையாட்டோ வெறும் சோம்பலோ பழகட்டும். சித்திரை வெயிலில் காலை எட்டுக்குப் பிறகு பிள்ளைகளை மைதானத்தில் நிறுத்துகிற கேம்ப் எவ்வளவு புகழ்பெற்றதானாலும் வேண்டாம். இங்கே வெயிலைவிடப் புழுக்கம்தான் எமன், வியர்வை காயாததால் உடம்பு குளிராது. தண்ணீர் பாட்டிலோடு உப்புப் போட்ட மோர் ஒரு பாட்டில் போதும், கலர் பானம் வேண்டாம்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சைவ வீட்டில் இட்லி, தயிர்சாதம் மட்டும் போதாது, சுண்டல், பருப்பு, பால், பனீர், வேர்க்கடலை தினமும் இருக்க வேண்டும். முட்டை சாப்பிடுகிற வீடென்றால் வேலை சுலபம். பவுடர் டப்பா எதற்கும் இந்த வயதில் அவசியம் இல்லை. தூக்கம்தான் பிரச்சினை. பன்னிரண்டு வயது வரை ஒன்பது மணி நேரத்துக்குக் குறையாமலும், அதன்பின் எட்டுக்குக் குறையாமலும் தூங்க வேண்டும். ராத்திரி ஒன்பதரைக்கு டியூஷன் முடிந்து, காலை நாலரைக்கு எழுப்பி மைதானத்துக்கு அனுப்பினால் அந்தப் பயிற்சி உடம்பில் ஒட்டாது. காலைப் பயிற்சியா, இரவு டியூஷனா என்று வீட்டில் உட்கார்ந்து ஒன்றை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும்.

வேலியோரம் ஒரு மணி நேரம்

பயிற்சியாளரைத் தேர்ந்தெடுக்க விளம்பரத்தையும் சுவரில் மாட்டிய கோப்பைகளையும் பார்த்துப் பயனில்லை. சேர்க்கும் முன் ஒரு மணி நேரம் வேலியோரம் நின்று பாருங்கள். நான் பார்த்த ஒரு நெட்ஸில் நாற்பது பிள்ளைகள், இரண்டு வலை. எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் பேட், கால்காப்பு, கையுறை, ஹெல்மெட் எல்லாம் மாட்டிக்கொண்டு வரிசையில் நின்றான். நெற்றி வியர்வை கம்பிக்குள் வழிந்துகொண்டிருந்தது. முறை வந்தபோது ஆறு பந்து. நாலு பந்து மட்டையில் படவில்லை, லெதர் பந்து அவன் உயரத்துக்கு அதிகமாக எழும்பியது. "அடுத்தவன்!" என்று குரல் வந்ததும் திரும்பவும் வரிசைக்கடைசி. அதே மைதானத்தின் மறுகோடியில் இன்னொருவர் நாலு நாலு பேராகப் பிரித்து, டென்னிஸ் பந்தும் சின்ன மட்டையும் கொடுத்து, எல்லாரையும் ஓடவிட்டுக்கொண்டிருந்தார். அங்கே யாரும் நிற்கவே இல்லை, சத்தமும் சிரிப்புமாக இருந்தது. முதலாமவர் ஃபீஸ் அதிகம்.

சான்றிதழும் கேட்கலாம். இந்தியாவில் உடற்கல்விப் பயிற்சிக்கே வித்திட்டது இந்த ஊர்தான். ஹாரி குரோ பக் 1920இல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி இன்றும் நந்தனத்தில் இயங்குகிறது. அங்கே படித்தவரோ, பாட்டியாலா என்.ஐ.எஸ். பட்டயம் பெற்றவரோ என்றால் அடிப்படை தெரிந்திருக்கும். பெரிய வீரராக இருந்தவர் என்பது மட்டும் தகுதியாகாது. நல்ல பயிற்சியாளர் எதை விட்டுவிட வேண்டும் என்றும் சொல்வார். 1987இல் சென்னை எம்.ஆர்.எஃப். பேஸ் ஃபவுண்டேஷனுக்கு வேகப்பந்து வீச்சாளராக ஆசைப்பட்டு ஒரு பதினாலு வயதுப் பையன் வந்தான். அங்கே பயிற்சியாளராக இருந்த டென்னிஸ் லில்லி அவனை பேட்டிங்கைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினார். பையன் பெயர் சச்சின் டெண்டுல்கர்.

பாதுகாப்பைப் பற்றிக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். வெளியூர்ப் போட்டிக்கு யார் கூட வருவார்கள், தங்கும் அறையில் யார் யார், தசைப்பிடிப்புக்கு மசாஜ் என்றால் யார் எங்கே செய்வார்கள்? பயிற்சியாளர் பிள்ளையோடு தனி அறையில் இருப்பதும், பெற்றோருக்குத் தெரியாமல் இரவில் வாட்ஸ்அப்பில் பேசுவதும் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். இதைக் கேட்டு முகம் சுளிக்கிற இடத்தில் சேர்க்க வேண்டாம். ஏதாவது தவறு நடந்தால் போக்சோ சட்டம் இருக்கிறது, குழந்தைகள் உதவி எண் 1098.

பெற்றோருக்கும் ஒரு கட்டுப்பாடு. தோற்ற மேட்சுக்குப் பிறகு ஸ்கூட்டரில் வீடு திரும்பும் இருபது நிமிடம்தான் பிள்ளை விளையாட்டில் நீடிப்பதைத் தீர்மானிக்கிறது. ஆழ்வார்பேட்டை சிக்னலில் நிற்கும்போது அப்பா பாதி திரும்பி, "அந்த ஃபுல் டாஸை எப்படிடா விட்ட?" என்பார். பின்னால் கிட் பேக்கைக் கட்டிப்பிடித்தபடி பிள்ளை பதில் பேசாது. "பசிக்குதாடா கண்ணா?" என்று மட்டும் கேளுங்கள். ஆட்டத்தைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் அதுவே தொடங்கும்.

ஒன்பதாம் வகுப்பு

இந்த ஊரில் பிள்ளைகள் தோல்வியால் விளையாட்டை விடுவதில்லை. பத்தாம் வகுப்பால் விடுகிறார்கள். ஒன்பதாவதிலேயே ஜே.இ.இ. ஃபவுண்டேஷன் வகுப்பு, பி.டி. பீரியடில் கணக்கு டெஸ்ட். பாலியின் கணக்குப்படி உடலைக் கட்டுகிற, மிக முக்கியமான ஆண்டுகள் இவை. முழுதாக நிறுத்திவிட்டுப் பதினோராம் வகுப்பில் திரும்ப வருவேன் என்பவர்களில் வெகு சிலரே வருகிறார்கள். ஆறு நாளை மூன்று நாளாகக் குறையுங்கள், பூஜ்யமாக்காதீர்கள். போட்டிகளைக் குறைத்து, ஓட்டமும் உடற்பயிற்சியும் மட்டும் விடாமல் வைத்துக்கொண்டால் பொதுத்தேர்வு முடிந்து ஓரிரு மாதத்தில் பழைய நிலைக்கு வந்துவிடலாம். அஸ்வின் எஸ்.எஸ்.என். கல்லூரியில் பொறியியல் முடித்தவர். டேபிள் டென்னிஸ் சத்தியனும் பொறியாளர்தான்.

தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவுக்கு 500 இடங்கள் உண்டு, அரசு வேலையில் 3 விழுக்காடு ஒதுக்கீடு. பள்ளிப் போட்டிகளின் சான்றிதழ்களைப் பத்திரமாகக் கோப்பில் வையுங்கள். ஆனால் அந்த ஒதுக்கீட்டைக் குறியாக வைத்து எட்டு வயதில் விளையாட்டைத் தேர்ந்தெடுத்தால் இரண்டும் கிட்டாது.

போட்டிக்கு எப்போது அனுப்புவது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. பத்து வயதுக்கு மேல், நேரத்தில் பயிற்சி ஏழு பங்கு, போட்டி மூன்று பங்கு என்ற அளவில் தொடங்கலாம். முதலில் பள்ளிக்குள், பிறகு குறுவட்டம், மாவட்டம். முதலமைச்சர் கோப்பையில் பள்ளி மாணவர்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. நுழைவுக் கட்டணம் கட்டி எல்லாருக்கும் மெடல் தருகிற தனியார் போட்டிகளால் அலமாரி நிறையும், அவ்வளவே. பதினாறு வயதுக்கு மேல், பிள்ளையே கேட்டால், தீவிரப் பயிற்சிக்கு வீட்டின் நேரத்தையும் பணத்தையும் ஒதுக்கலாம். வேண்டாம் என்று சொன்னால் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஃபீஸ் விஷயத்தில் கடைசியாக ஒன்று. ஓராண்டுக்கு மொத்தமாகக் கட்டினால் இருபது விழுக்காடு தள்ளுபடி என்பார்கள். பதினாறு வயதுக்கு முன் எந்த அகாடமிக்கும் மூன்று மாதத்துக்கு மேல் முன்பணம் கட்டாதீர்கள். கட்டிய பணத்துக்காகவே பிள்ளையைப் பிடிக்காத விளையாட்டில் ஒரு வருஷம் இழுத்துக்கொண்டு போவீர்கள்.